வடகிழக்கு அயோவாவில் ஆர்வியை எங்கே நிறுத்துவது?

கேள்வி இது: சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. ஜூலை கடைசியில் 28 அடி நீள ஆர்வி (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நான்கு இரவுகள் மிசிசிப்பிக் கரையோரம், அயோவாவின் வடகிழக்கு மூலைப் பக்கம் போக நினைக்கிறார்கள். "எந்த இடத்தைப் பார்த்தாலும் நாலு ஸ்டாருக்கு மேல் இருக்கிறது, எல்லாப் படத்திலும் பச்சைப் புல் தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது? அப்பாவுக்குத் தூக்கம் கெடக்கூடாது, அம்மாவுக்கு நல்ல கழிவறை வேண்டும்" என்று கணவர் கேட்டிருக்கிறார்.

ஏப்ரலிலேயே கேட்டது ரொம்ப நல்லது. நான் அயோவாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடமாக வீட்டுக் காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறோம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டாரையும் படத்தையும் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த நிலம் யாருடையது என்பதுதான். மாநிலத்துடையதா, கவுன்டியுடையதா (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஊர் நகராட்சியுடையதா, அணைகளைப் பார்த்துக்கொள்ளும் ராணுவப் பொறியாளர் படையுடையதா, தனியாருடையதா? இது தெரிந்துவிட்டால் வாடகை, கூட்டம், முன்பதிவு, கழிவறை, இரவுச் சத்தம் எல்லாவற்றையும் முக்கால்வாசி ஊகித்துவிடலாம்.

வெளிமாநிலத்துக்காரர்கள் கவனிக்காமல் விடுவது கவுன்டி பூங்காக்களை. அயோவாவில் 99 கவுன்டிகள். 1955இல் வந்த ஒரு சட்டத்தின்படி கவுன்டிகள் தங்களுக்கென்று இயற்கைப் பாதுகாப்பு வாரியம் வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று 99 கவுன்டியிலும் அப்படி ஒரு வாரியம் இருக்கிறது. அவர்கள் நடத்தும் சின்னச் சின்னப் பூங்காக்களில் பல இடத்தில் மின் இணைப்போடு ஆர்வி நிறுத்தலாம். பெரும்பாலும் ஒரு இரவுக்கு 20 முதல் 30 டாலருக்குள் முடிந்துவிடும். விளம்பரம் கிடையாது, நீச்சல் குளம் கிடையாது. ஆனால் புல் வெட்டியிருக்கும், குளியலறை கழுவியிருக்கும், சாயங்காலம் ஒரு ரேஞ்சர் மெதுவாக வண்டியில் சுற்றிவந்து "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மைகவுன்டிபார்க்ஸ் என்ற இணையதளத்தில் கவுன்டி வாரியாகத் தேடலாம். சீடர் ராப்பிட்ஸுக்கு வடக்கே வாப்சிபினிக்கன் ஆற்றோரம் லின் கவுன்டி நடத்தும் பினிக்கன் ரிட்ஜ், டுபூக்குக்குப் பக்கத்தில் டுபூக் கவுன்டியின் சுவிஸ் வேலி, இந்த இரண்டும் நல்ல உதாரணங்கள்.

மாநிலப் பூங்காக்களின் அழகே வேறு. மெக்ரெகருக்குப் பக்கத்தில் பைக்ஸ் பீக் இருக்கிறது. கொலராடோவில் இருக்கும் சிகரத்துக்கும் இதே பெயர்தான், ஜெபுலன் பைக் என்ற அதே ராணுவ அதிகாரியின் பெயர். ஆற்றிலிருந்து 500 அடி உயரத்தில் நின்று பார்த்தால், விஸ்கான்சின் ஆறு வந்து மிசிசிப்பியில் சேருவது தெரியும். 1673 ஜூனில் மார்க்கெட், ஜோலியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தோணியில் வந்து மிசிசிப்பிக்குள் நுழைந்தது அந்த இடத்தில்தான். பேக்போன் பூங்கா இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. 1920இல் திறந்தது, அயோவாவின் முதல் மாநிலப் பூங்கா. இந்த இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆற்றைத் தாண்டி விஸ்கான்சினுக்குள் வயலூசிங் பூங்காவுக்குப் போனால் வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெளிமாநில நம்பர் பிளேட் என்றால் அதுவும் கூடுதல்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் முன்பதிவுக் கணக்கு வேறு. விஸ்கான்சினில் 11 மாதம் முன்பே திறந்துவிடும். மின்னசோட்டாவில் 120 நாள். அயோவாவில் மூன்றே மாதம். ராணுவப் பொறியாளர் படையின் இடங்கள் பொதுவாக ஆறு மாதம். உங்கள் தேதிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். விஸ்கான்சினில் போன ஆகஸ்ட் கடைசியிலேயே பதிவு தொடங்கி, நல்ல இடமெல்லாம் போயிருக்கும். அயோவாவில் இந்த ஏப்ரல் கடைசியில்தான் திறக்கப்போகிறது. அதனால் நேரத்தை அயோவா பக்கத்தில் செலவிடுங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்குத்தான் அடிதடி. ஞாயிறு மதியம் எல்லோரும் கிளம்பிப் போனபிறகு பூங்கா காலியாகிவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை என்று உங்கள் நான்கு இரவுகளை வைத்துக்கொள்ள முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

பொறியாளர் படையின் இடங்கள் அணைகளையும் மிசிசிப்பியையும் ஒட்டி இருக்கும். பொதுவாக விசாலமானவை. குடும்பத்தில் 62 வயது தாண்டிய அமெரிக்கக் குடிமகனோ நிரந்தர வாசியோ இருந்து, தேசிய பூங்காக்களின் மூத்தோர் பாஸ் வைத்திருந்தால் அங்கே வாடகை பாதி. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு அது கிடைக்காது, அதனால் அதைக் கணக்கில் வைக்க வேண்டாம்.

அடுத்து நகராட்சி இடங்கள். டெக்கோரா ஊர் நடத்தும் பல்பிட் ராக் எனக்குப் பிடித்த ஒன்று. அப்பர் அயோவா ஆற்றுக்குப் பக்கத்தில், ஊரைச் சுற்றி 11 மைல் ஓடும் டிரவுட் ரன் சைக்கிள் பாதைக்கு அருகில். பிள்ளைகளுக்கு மீன் பண்ணையைக் காட்டலாம், அப்பா காலையில் நடந்து போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். வயதானவர்களோடு போகும்போது ஊருக்குள் இருக்கும் இடம் பெரிய வசதி. காட்டுக்கு நடுவில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குச் சலித்துவிடும்.

தனியார் பூங்காக்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் நிறுத்தும் இடத்திலேயே கிடைப்பதை ஃபுல் ஹுக்கப் என்பார்கள். அரசுப் பூங்காக்களில் அது அபூர்வம், தனியாரிடம் சாதாரணம். ஒரு 28 அடி வண்டியில் ஆறு பேர் என்றால் பாத்திரம் கழுவுவதும் குளிப்பதுமாகச் சாம்பல் நீர்த் தொட்டி இரண்டாம் நாளே நிறைந்துவிடும். கழிவறையில் நம்மவர்கள் தண்ணீர் தாராளமாக ஊற்றுவது கழிவுத் தொட்டிக்கு நல்லதுதான், உள்ளே கட்டிப்படாது. ஆனால் அந்தத் தொட்டியும் சீக்கிரம் நிறையும். அதனால் நான்கில் ஒரு இரவு, முக்கியமாக மூன்றாவது இரவு, ஃபுல் ஹுக்கப் இடத்தில் தங்குங்கள். அன்றைக்கு எல்லோரும் நிதானமாகக் குளிக்கலாம், துணி துவைக்கலாம். தொட்டியைக் காலி செய்யும்போது கழிவுத் தொட்டி முதலில், சாம்பல் நீர் பிறகு. சாம்பல் நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். மற்ற நாட்களில் குளியலுக்குப் பூங்காவின் குளியலறையைப் பயன்படுத்துங்கள்.

தனியார் பூங்காவுக்கு போன் போட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை சைட் சீசனல்?" சைட் என்றால் ஒரு வண்டி நிறுத்தும் இடம். சீசனல் என்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மொத்தமாக வாடகைக்கு எடுத்து வண்டியை அங்கேயே நிறுத்தியிருப்பவர்கள். அவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள், பூச்செடியெல்லாம் வைத்து அழகாக வைத்திருப்பார்கள். ஆனால் 100 சைட்டில் 85 சீசனல் என்றால், ஒரு இரவுக்கு வருகிறவர்களுக்கு மிச்சமிருப்பது வாசல் பக்கமோ குப்பைத் தொட்டிப் பக்கமோதான். படத்தில் காட்டும் ஆற்றோர சைட் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. இதைக் கேட்காமல் போய் ஒரு தடவை நெடுஞ்சாலை ஓரத்தில் படுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இப்போது வரைபடம். இதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் தூக்கம் இதில்தான் இருக்கிறது. மிசிசிப்பியின் இந்தப் பகுதியில் இரண்டு கரையிலும் சரக்கு ரயில் ஓடுகிறது. பாதை ஆற்றை ஒட்டியே போகும், ஆற்றோரப் பூங்காக்களும் அதே ஒட்டில்தான். ரயில் ஓடும் சத்தம் பரவாயில்லை, பழகிவிடும். ஹாரன்தான் பிரச்சினை. சாலையைக் கடக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் 15 முதல் 20 நொடி முன்பே, இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஊத வேண்டும் என்பது மத்திய அரசு விதி. குறைந்தபட்சம் 96 டெசிபல். ஒரு ஜூன் இரவு நாங்கள் நிறுத்தியிருந்த சைட்டிலிருந்து கேட் நூறடிகூட இருக்காது. இரண்டு மணிக்கு முதல் ரயில். படுக்கைக்கு மேலிருந்த கண்ணாடி டம்ளர் தட்டில் கிடுகிடுவென்று ஆடியது, சின்னவன் எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். விடிவதற்குள் இன்னும் மூன்று ரயில். அந்தப் பூங்காவைப் பற்றி எழுதியிருந்த விமர்சனங்களில் பாதிப் பேர் "ரயில் பிரியர்களுக்கு ஏற்ற இடம்" என்று எழுதியிருந்தார்கள். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, தண்டவாளம் எங்கே, சாலை அதைக் கடப்பது எங்கே என்று பாருங்கள். கேட்டிலிருந்து ஒரு மைலாவது தள்ளி இருக்கட்டும். ஆற்றங்கரை வேண்டாம், மேட்டில் தங்கி ஆற்றைப் பார்க்கப் போகலாம் என்பது என் கட்சி. பைக்ஸ் பீக்கை நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேடு என்று சொல்வதற்கு ரயிலைவிடப் பெரிய காரணம் தண்ணீர். இந்தப் பகுதியை டிரிஃப்ட்லெஸ் என்கிறார்கள். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் மூடித் தட்டையாக்காமல் விட்ட நிலம். அதனால்தான் அயோவாவில் இப்படி மலையும் பள்ளத்தாக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் குறுகிய பள்ளத்தாக்குகளில் மேலே நான்கு மைல் தள்ளிப் பெய்த மழை, இரவோடு இரவாகக் கீழே ஓடையில் வந்து இறங்கும். அக்கரையில் விஸ்கான்சினின் கிக்கப்பூ ஆற்றுப் பக்கம் 2018 ஆகஸ்டில் பெரிய வெள்ளம் வந்தது. அதே ஆற்றங்கரையில் சோல்ஜர்ஸ் குரோவ் என்ற ஊர், 1978 வெள்ளத்துக்குப் பிறகு கடைத்தெருவையே மேட்டுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டது. ஓடைக்கு இரண்டடி உயரத்தில் இருக்கும் சைட் பகலில் சொர்க்கம்தான், பிள்ளைகள் காலை நனைத்து விளையாடுவார்கள். பகலில் அங்கே விளையாடட்டும், இரவில் மேலே தூங்குங்கள். முன்பதிவு வரைபடத்தில் சைட் எண்ணைப் பார்த்து, ஓடையிலிருந்து தள்ளி இருப்பதாக எடுத்தால் போதும்.

புயலையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை. ஜூலையில் சாயங்கால இடிமழை இங்கே சாதாரணம். 2020 ஆகஸ்ட் 10 அன்று டெரேச்சோ என்ற நேர்க்காற்றுப் புயல் அயோவா முழுவதையும் கடந்து போனது. சீடர் ராப்பிட்ஸ் பக்கம் மணிக்கு 140 மைல் வரை காற்று அடித்ததாகக் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு நகரத்தில் எந்தத் தெருவில் போனாலும் விழுந்த மரம்தான். ஆர்வி என்பது அந்த மாதிரிக் காற்றில் உட்கார்ந்திருக்கக் கூடிய பொருள் இல்லை. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் இறங்கியவுடன் "புயல் வந்தால் எங்கே போக வேண்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கான்கிரீட் கல்லால் கட்டிய குளியலறைக் கட்டடத்தைக் காட்டுவார்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒரு தடவை அங்கே நடத்திக் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். அப்புறம், வானிலை எச்சரிக்கையை வானொலியில் சொல்லும்போது பூங்காவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கவுன்டியின் பெயரைத்தான் சொல்வார்கள். பைக்ஸ் பீக் என்றால் கிளேட்டன் கவுன்டி, டெக்கோரா என்றால் வினிஷீக் கவுன்டி. ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், ஒரு சின்ன வானிலை ரேடியோ கையில் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். உங்கள் வண்டி அநேகமாக 30 ஆம்ப் வண்டியாக இருக்கும். 120 வோல்ட்டில் 3600 வாட், அவ்வளவுதான் மொத்தம். கூரை ஏசி ஓடும்போதே அதில் பாதி போய்விடும். அதோடு இண்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். சாம்பார் கொதிக்கும்போது மிக்ஸி ஓடலாம், மைக்ரோவேவ் காத்திருக்கட்டும். முன்பதிவு செய்யும்போது சைட் விவரத்தில் 30 ஆம்ப் என்று இருக்கிறதா பாருங்கள். மின் இணைப்பு என்று மட்டும் போட்டு 20 ஆம்ப் மட்டுமே இருக்கும் பழைய சைட்கள் உண்டு, அதில் ஜூலை வெயிலில் ஏசி ஒழுங்காக ஓடாது. போய் இறங்கியதும் மின்பெட்டியின் மூடியைத் தூக்கி, மூன்று ஓட்டைகளையும் பாருங்கள். ஓட்டையின் ஓரம் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகிய மாதிரி வளைந்திருந்தாலோ அதில் மாட்டாதீர்கள், வேறு சைட் கேளுங்கள். எங்கள் பிளக் ஒன்று அப்படித்தான் போனது. வெளியே இழுத்தபோது ஒரு பின் பழுப்பு நிறத்தில், கருகிய பாலின் வாசனையோடு வந்தது. பிரேக்கரை அணைத்துவிட்டு மாட்டுவது, அணைத்துவிட்டு எடுப்பது, இது எப்போதும். வண்டியை வாடகைக்குக் கொடுப்பவரிடம் சர்ஜ் பாதுகாப்புக் கருவி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிழலையும் அதே வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். ஆர்வியின் கதவும் வெயில் மறைப்பும் வலது பக்கம் இருக்கும், குழாயும் மின்கம்பியும் இடது பக்கம். வண்டியின் மூக்கு வடக்கே பார்த்து நின்றால் கதவு கிழக்கில் இருக்கும், சாயங்காலம் நான்கு மணிக்கு வண்டியே உங்களுக்கு நிழல். தெற்கே பார்த்து நின்றால் மேற்கு வெயில் நேராக முகத்தில். அம்மா வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டுமென்றால் இது முக்கியம்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. ஜூலை கடைசி முழு வாரத்தில் ராக்பிராய் என்ற சைக்கிள் பயணம் நடக்கும். 1973இல் தொடங்கியது, மேற்கு எல்லையிலிருந்து மிசிசிப்பி வரை ஒரு வாரம், ஆயிரக்கணக்கானவர்கள். பாதை வருடா வருடம் மாறும், ஜனவரியிலேயே அறிவித்துவிடுவார்கள். அந்த வருடப் பாதை நீங்கள் போகும் ஊர் வழியாக வந்தால் ஒரு சைட்கூட கிடைக்காது, புல்வெளியெல்லாம் கூடாரமாக இருக்கும். கவுன்டி திருவிழாக்களும் பெரும்பாலும் ஜூலையில்தான். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் திருவிழா இல்லாத வாரங்களில் அதே திருவிழாத் திடல்கள் பல ஊர்களில் மின் இணைப்போடு ஆர்விக்கு இடம் தருகின்றன. எல்லாம் நிறைந்துபோனால் கடைசிப் புகலிடம் அது.

பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை போட்டு நடைபாதைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் ஒரு செடியை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். சாலையோரமும் பாதையோரமும் இடுப்பு உயரத்தில், குடை மாதிரி விரிந்த மஞ்சள் பூவோடு நிற்கும். சோம்புப் பூவைப் பெரிதாக்கிய மாதிரி இருக்கும். காட்டுப் பார்ஸ்னிப் என்று பெயர். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். பறிக்க விடாதீர்கள். நடந்துவிட்டு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று கணுக்காலும் முழங்கால் மடிப்பும் பார்த்துவிடுங்கள். ஆற்றோர ஊர்களில் ஜூலை இரவுகளில் மேஃப்ளை என்ற ஈசல் போன்ற பூச்சி விளக்கைச் சுற்றிக் குவியும். 2014 ஜூலையில் விஸ்கான்சினின் லா கிராஸ் ஊரில் அது வானிலை ரேடாரிலேயே மழை மாதிரித் தெரிந்தது. கடிக்காது, கொட்டாது, வெளி விளக்கை அணைத்தால் போய்விடும்.

விறகை நேப்பர்வில்லிலிருந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஆஷ் என்ற மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது இவ்வளவு தூரம் பரவியதில் விறகு ஏற்றிப்போனவர்களுக்குப் பெரிய பங்கு. பூங்காக்களில் அந்த மரங்களை வெட்டி வெட்டி, நிழலாக இருந்த சைட் பல இப்போது மொட்டை. அதனாலேயே பழைய படங்களை நம்பாதீர்கள் என்கிறேன். விறகைப் பூங்கா வாசலில் வாங்குங்கள், அங்கேயே எரியுங்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இப்படிப் போட்டிருப்பேன். ஞாயிறு காலை கிளம்பி 20ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக டுபூக், முதல் இரவு சுவிஸ் வேலி. முதல் நாளே நீள ஓட்டம் வேண்டாம், வண்டி கைக்குப் பழக வேண்டும். திங்கள், பைக்ஸ் பீக். போகிற வழியில் இல்லாவிட்டாலும் பக்கத்திலேயே எஃபிஜி மவுண்ட்ஸ் இருக்கிறது. பூர்வகுடிகள் கரடி உருவத்திலும் பறவை உருவத்திலும் எழுப்பிய மண்மேடுகளோடு 200க்கு மேல் அங்கே உண்டு. அங்கே தங்க முடியாது, பார்த்துவிட்டு வரலாம். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, அம்மாவுக்கு முட்டி வலி என்றால் கீழே அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். செவ்வாய், அந்தப் பக்கத்திலேயே ஒரு தனியார் பூங்காவில் ஃபுல் ஹுக்கப். புதன் டெக்கோரா. வியாழன் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இரவுக்குள் வீடு. கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் தவிர, இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு மேல் எங்கேயும் இல்லை.

எங்கே போனாலும் நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். புதிய வண்டியை இருட்டில் பின்னால் எடுத்து மரங்களுக்கு நடுவில் நிறுத்துவது வேண்டாத வேலை. மனைவி பின்னால் நின்று கை காட்டும்போது, ஓட்டுகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்க்க முடிகிற இடத்தில் அவர் நிற்க வேண்டும். மறைந்துவிட்டால் உடனே பிரேக். அப்புறம், ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டாகக் கொஞ்சம் பணம் வைத்திருங்கள். பல கவுன்டி பூங்காக்களில் முன்பதிவு இல்லாத சைட்டுக்கு வாசலில் ஒரு உறை எடுத்து, சைட் எண்ணை எழுதி, பணத்தை உள்ளே வைத்து, இரும்புக் குழாயின் துவாரத்தில் போட வேண்டும். சில்லறை தர அங்கே ஆள் இருக்காது.